கன்னத்துத் தேமல்

முருகன் துணை

ராசிபுரம்,
ஸ்ரீமுக வருஷம் பங்குனி மாதம் 9ந் தேதி.

பினாங்கில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி கந்தவேலுக்கு அம்மா பொன்னாயி ஆயிரம் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. கண்ணு, என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் கடல் தாண்டிய இடத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க முருகன் கூட நிற்கவேணும். மேலே எடப்பாடி என்று போடாமல் ராசிபுரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து உனக்குத் திக்கென்று இருக்கும். ஆமாம் சாமி, உன் மாமனார் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வந்து பதினொரு நாள் ஆகிறது. சம்பந்தி வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு மேல் தங்காதவள் உன் அம்மா என்று உனக்குத் தெரியும். செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, அதையும் வீட்டுச் சாவியையும் எதிர்வீட்டுக் குப்பாயியிடம் விட்டுவிட்டு வந்தேன், தறி நின்று கிடக்கிறது. வைகாசியில் உன் மாமன் மகள் மாரியைக் கட்டிக்கொள்ள சித்திரைக் கடைசியில் கப்பல் ஏறுவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் இது உன் கைக்குச் சேர்ந்துவிடவேணும் என்றுதான் கிடந்து தவிக்கிறேன். மற்றதெல்லாம் பின்னால் சொல்கிறேன், முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகளுக்கு அந்தப் பெருவியாதி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவள் அம்மாவுக்கும் இல்லை. போன வருஷம் நான் உனக்கு எழுதியது தப்பு.

நீ பினாங்குக்குப் போகும்போது அம்மிணிக்கு எட்டு மாதம். என் பேரைத்தான் அவளுக்கு வைத்தோம், ஆனால் மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாதென்று நல்லம்மாள் அம்மிணி அம்மிணி என்றே கூப்பிட்டு அதுவே பேராகிப்போனது. அப்போது குழந்தைக்குத் தலையிலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் இருந்ததே, நினைவிருக்கிறதா, நீ மோட்டார் ஏறுமுன் தூக்கினபோது உன் சட்டைப் பொத்தான் பட்டு ரத்தம் கசிந்து அழுதாளே. அந்தக் கரப்பானை நான்தான் தீர்த்தேன், ஆறு மாதம் விடாமல் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். நம் தெருவில் என் காலில் போட்டுக் குளிப்பாட்டாத குழந்தை கிடையாது. சிரங்கு என்றால் குப்பைமேனி அரைத்துப் போடுவேன், வேர்க்குரு என்றால் நுங்குத் தண்ணீர் தடவச் சொல்வேன், அக்கி என்றால் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதச் செய்வேன், அம்மை என்றால் வேப்பிலை செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்போம், எது வந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அதோடு அஞ்சாவது வரை படித்தவள் வேறே, தெருவிலேயே கடுதாசி எழுதத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்தி. எனக்குத் தெரியாதது உண்டா என்று நடந்தேன். யாரும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காமல் போனதுக்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் அம்மிணிக்கு இரண்டு கன்னத்திலும் இடது கையில் முழங்கைக்கு மேலேயும் காசளவு காசளவாய் வெளுப்பு விழுந்தது, தொட்டால் சொரசொரவென்று மாவு மாதிரி உதிரும். குப்பாயி பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா, தேமலாட்டம் தெரியுது, தேங்காயெண்ணெயைத் தடவிப் பாருங்களேன் என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் குப்பாயி சொல்லி நான் கேட்பதா. அந்தச் சமயம் என் தம்பி, உன் மாமன் சின்னண்ணன், பொங்கலுக்குப் பார்க்க வந்தவன் குழந்தையைத் தூக்கப்போனான், கன்னத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். என்னை வெளியே கூப்பிட்டு, அக்கா, இது நம்ம பக்கத்து வெளுப்பு இல்லை, உம்மருமவளோட சித்தப்பன் காசிக்குப் போறேன்னு போனவன் திரும்பலையே, ஏன் போனான்னு பொண்ணு எடுக்கும்போது யாராச்சும் கேட்டீங்களா, அவனுக்கு விரல் மடங்கிப்போச்சுன்னு அந்த ஊர்லயே பேச்சு என்றான். தன் மகள் மாரி இருக்க நாம் வெளியூரில் பெண் எடுத்த ஆத்திரம் அவனுக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது, அது எனக்குத் தெரியாதா, தெரியும். தெரிந்தும் அவன் சொன்னதை என்னால் உதற முடியவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து நல்லம்மாள் பிசைந்த சோறு எனக்கு இறங்கவில்லை.

இனி எழுதப்போவதை நான் இதுவரைக்கும் உனக்கு எழுதவில்லை. தை முகூர்த்தங்களுக்குக் கொடுக்கவேண்டிய சேலைகள் பாதியில் நின்றன. நல்லம்மாள் தறியில் உட்கார்ந்தாள், நான் நூல் தார் சுற்றினேன். குளிர்காற்றுக்குத் தோல் வறண்டு அரிப்பெடுத்து அம்மிணி பகலெல்லாம் சிணுங்கிக்கொண்டு தறிக்குழியில் வந்து விழும், தறியில் ஓடுகிற நாடாவைப் பிடிக்கும், அம்மா முதுகில் தொங்கும். ஒரு சேலை இறங்குவது பெரும் பாடாய் இருந்தது. அப்போது நான் நம் தறிக்காரர் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், உனக்கும் செய்து வளர்த்ததுதான், கடுகளவு அபினைப் பாலில் உரைத்துக் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன். நல்லம்மாளுக்கு அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியாமல் கொடுத்தேன். பிள்ளை உச்சிப்பொழுது தாண்டியும் அயர்ந்து தூங்கும். தை பிறந்து ஒரு நாள், நல்லம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். அந்த வியாதி பிடித்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று ஊருக்கே தெரியும். தையல் ஊசியை எடுத்துப்போய்த் தூங்குகிற குழந்தையின் கையில் அந்த வெளுப்பின்மேல் குத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன், ஒரு பொட்டு ரத்தம் வந்தது, முகம்கூடச் சுருங்கவில்லை. கன்னத்திலும் குத்தினேன், அப்படியே கிடந்தது. வெளுப்பு இல்லாத இடத்தில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை கந்தவேலு. காலையில் என் கையால் கொடுத்த அபினும் அந்த நேரம் என் நினைப்பிலேயே இல்லை, அதை ஒரு மருந்து என்று நான் எண்ணினதே கிடையாது, தாலாட்டுகிற மாதிரி அதுவும் ஒன்று என்றுதான் பழக்கம்.

நல்லம்மாள் குடத்தோடு வந்தாள், சொன்னேன். அவள் குடத்தை இறக்கவே இல்லை, இடுப்பில் வைத்தபடியே நின்றாள். பிறகு, அத்தை, அது முழிச்சிருக்கும்போது ஒருக்கா குத்திப் பாருங்க, நானே புடிச்சுக்கறேனுங்க என்றாள். முழிச்சிருக்கற புள்ளையைக் குத்தறதுக்கு நான் என்ன ராட்சசியா, எனக்குப் புத்தி சொல்ற அளவுக்கு வந்துட்டயா நீ என்று கத்தினேன். அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருந்தால் குழந்தை ஒரு நிமிஷம் அழுதிருக்கும், அவ்வளவோடு போயிருக்கும். அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிசகாமல், வரி கோணாமல், நான் கண்ணால் கண்டது, ஊசி குத்திப் பார்த்தேன், சந்தேகமே இல்லை என்று எழுதினேன். எழுதத் தெரியாதவளாய் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் எழுதச் சொல்லியிருப்பேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏம்மா நல்லாப் பார்த்தீங்களா, டாக்டர்கிட்டக் காட்டினீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். என்னை யார் கேட்பது. தாயையும் பிள்ளையையும் தறிக்கூடத்துக்கு மாற்றினேன், தனித் தட்டு, தனிப் பாய், தனிச் செம்பு. ஆயா ஊட்டுக்குள்ள வரட்டுமா என்று வாசல்படியில் நின்று அம்மிணி கேட்கும், அங்கேயே இரு சாமி என்பேன்.

உன் பதில் பங்குனியில் வந்தது. அம்மா பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இனி அவளுக்கும் எனக்கும் ஒட்டில்லை என்று எனக்கு எழுதி, உன் மாமனாருக்கும் தனியாய் ஒரு தாள் வைத்திருந்தாய். மகன் தாய் சொல்லைத் தட்டவில்லை என்று அன்று எனக்குப் பெருமைகூட வந்தது, இதை எழுதக் கை கூசுகிறது. உன்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன் கண்ணு, அவளுக்கு ஒரு வரி போட்டு என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். சின்னண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தத் தாளோடு இருவரையும் ராசிபுரத்தில் கொண்டுபோய் விட்டான். வண்டி ஏறும்போது நல்லம்மாள் அழவுமில்லை, போய் வாரேன் என்று சொல்லவுமில்லை. அம்மிணி மட்டும், ஆயா நீயும் வா, நீயும் வா என்று வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டது. நான் உள்ளே போய்விட்டேன். அவர்கள் படுத்த பாயையும் தொட்டில் சேலையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன்.

இந்த மாசி பிறந்ததும் சின்னண்ணன் ஓடி வந்தான். அவன் பெரிய மகனுக்குப் பிறந்த நாலு வயதுப் பேத்திக்கு அதே மாதிரி, அதே கன்னத்தில் வெளுப்பு. உம்பேத்திகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டு வந்துருச்சு அக்கா என்று தலையில் அடித்துக்கொண்டான். ஊருக்குத் தெரிந்தால் வைகாசிக் கல்யாணம் நின்றுபோகும் என்று யாருக்கும் சொல்லாமல் மோட்டாரில் சேலத்துக்குக் கூட்டிப்போனோம், அங்கே ஒரு மிஷன் டிஸ்பென்சரியில் கண்ணாடி போட்ட டாக்டரம்மா இருந்தாள், நம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள். குழந்தையைக் கண்ணை மூடிக்கச் சொல்லி, துளிப் பஞ்சை எடுத்து அந்த வெளுப்பின்மேல் தொட்டாள், எங்க தொட்டேன் சொல்லு என்றாள், பிள்ளை சரியாய் அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுக் கூச்சப்பட்டுச் சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள். இது வறட்டுத் தேமலுங்க, இந்தக் காத்துக்கும் வெயிலுக்கும் இந்தப் பக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு வரும், கரப்பான் இருந்த உடம்புக்கு இன்னும் சாஸ்தியா வரும், யாருக்கும் ஒட்டாது, எண்ணெய் தடவுங்க, சவுக்காரம் போட்டுத் தேய்க்காதீங்க, ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சுத் தானா மறைஞ்சுடும் என்றாள். அப்போ ஊசி குத்தியும் உணராத குழந்தை என்றால் என்னங்க என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படி இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க, அதுக்கும் வைத்தியம் பார்க்கிறோம், அதுக்காக யாரையும் தள்ளிவெக்காதீங்க என்றாள். பிறகு, முழிச்சிருக்கும்போதா குத்தினீங்க என்று கேட்டாள். தூங்கும்போது என்றேன். தூங்கற பிள்ளையும் ஊசிக்கு முழிச்சுக்குமே பாட்டி, ஏதாச்சும் குடுத்துத் தூங்க வெச்சீங்களா என்றாள்.

அவள் கேட்ட அந்த நிமிஷம்தான் எனக்கு அந்தப் பால் கிண்ணம் ஞாபகம் வந்தது. என் முகத்தைப் பார்த்தே, அபினா என்றாள். தலையை ஆட்டினேன். தறி ஊட்டுப் பிள்ளைங்க எத்தனையோ அதுலயே எழுந்திரிக்காம போயிருக்குது, உங்க பேத்தி எழுந்திரிச்சது உங்க நல்ல காலம் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் சின்னண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது, பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். என்னைப் பார்த்து, அக்கா, நடந்தது நடந்துபோச்சு, இனி அதைக் கிளறாதே, முகூர்த்தம் வெச்சாச்சு, மாரிக்குச் சேலை எடுத்தாச்சு என்றான். அப்போ அம்மிணி என்றேன். அது அவங்கம்மாகூட நல்லாத்தானே இருக்கும், அதுக்கென்ன குறை என்றான். முடியாது, மகனுக்கு எழுதப்போறேன் என்றேன். எழுது எழுது, அன்னைக்கும் நீதானே எழுதின, என் கையா எழுதிச்சு, அஞ்சாவது படிச்ச கலெக்டரம்மா என்றான் மோட்டார் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியாக. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே. அன்றோடு அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோச்சு, வைகாசி முகூர்த்தம் இல்லை என்று நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மாரி பாவம், வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் என்ன செய்தாள், அவளுக்கு நல்ல இடமாய் அமையவேணும்.

நான் ராசிபுரம் வந்தபோது இந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. சம்பந்தி வீரபாகு வெளியே வந்து, வாங்க சம்மந்தியம்மா என்றார், உட்காரச் சொல்லவில்லை. மரியாதைக் குறைவு இல்லை கண்ணு, ஒரு வருஷமாய் இந்த வீட்டுக்கு யாரும் வந்து உட்காராததால் அந்தப் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. நீ அனுப்பிய தாளை உன் மாமன் அன்று இந்தத் தெருவில் நின்று எல்லாரும் கேட்க வாசித்துவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து நூல் கொடுக்கிறவர் நூல் கொடுப்பதில்லை, இந்த வீட்டில் நெய்த துணியை நாங்கள் எப்படி விற்பது என்கிறார். கிணற்றில் எல்லாரும் இறைத்துப் போன பிறகு கடைசியாய்த்தான் இவர்கள் இறைக்கவேணும். நான் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து அம்மிணி வந்தது. வளர்ந்துவிட்டது, உன் நெற்றி, உன் காது. என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று பார்த்தது, பார்த்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, இடது கையை என் முன்னால் நீட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மெல்லக் குத்துங்க ஆயா என்றது.

வந்தவர்கள் போனவர்கள் வைத்தியர்கள் என்று ஆளுக்கு ஆள் குத்திப் பார்த்திருக்கிறார்கள். அழுதது, எல்லாருக்கும் முன்னால் அலறி அழுதிருக்கிறது, அப்படியும் யாரும் நம்பவில்லை, ஊசி குத்திப் பார்த்தேன் என்று பெற்றவனைப் பெற்றவளே எழுதியிருக்கும்போது அழுகையை யார் நம்புவார்கள். கையில் பொட்டுப் பொட்டாய்த் தழும்பு. வெளுப்பைத் தேடினேன், இல்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரியே கையிலும் இடது கன்னத்திலும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. வலது கன்னத்தில் மட்டும் போகவில்லை. போன ஆடியில் ஒரு வைத்தியர் வந்து, பரவுமுன்னே சுட்டுவிடவேணும் என்று சேராங்கொட்டை எண்ணெயை அங்கே தடவியிருக்கிறார். அது தோலை வெந்துபோகச் செய்யும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது. நான்தானுங்க புள்ளை காலைப் புடிச்சுக்கிட்டேன் என்றார் வீரபாகு, அவ்வளவுதான் சொன்னார், எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். கொப்புளம் புரையோடி ஒரு மாதம் கிடந்ததாம். இப்போது அந்த இடம் கறுத்துச் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை சிரித்தால் அந்தப் பக்கத்துக்குச் சிரிப்பு வருவதில்லை. சும்மா விட்டிருந்தால் தானே போயிருக்கவேண்டிய ஒரு தேமல் சாமி. ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் தோல் வைத்தியம் பார்த்தவள் என் வீட்டுக் குழந்தைக்கு இதைச் செய்துவைத்தேன்.

நல்லம்மாளிடம் அபின் கொடுத்ததைச் சொன்னேன். அவள் அப்பன் அம்மா இரண்டு பேரும் இருக்கும்போதே சொன்னேன். திட்டுவாள், அன்னைக்கே முழிச்சிருக்கும்போது குத்தச் சொன்னேனே என்று கேட்பாள் என்று காத்துக்கொண்டு இருந்தேன், கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள், எத்தனை நாளுங்க அத்தை குடுத்தீங்க என்றாள். பதினைந்து இருபது நாள் இருக்கும் என்றேன். பாவம் புள்ளைக்கு அரிப்பு அடங்கி நல்லாத் தூங்குதுன்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டு நெய்துக்கிட்டிருந்தேனுங்க என்றாள். மறுநாள், கிளம்பு அம்மா, நம்ம ஊட்டுக்குப் போலாம் என்று கூப்பிட்டேன். இப்ப நான் வந்துட்டா பழி எங்கப்பன் ஊட்டு மேலயே நின்னுபோகும், இந்தத் தெரு எங்க ஊட்டுத் தண்ணியை வாங்கிக் குடிக்கிற வரைக்கும் நான் வரமாட்டேனுங்க என்றாள். அவள் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று தங்கிவிட்டேன். தினம் தெருவாசலில் உட்கார்ந்து அம்மிணி தட்டிலேயே நானும் சாப்பிடுகிறேன், அது எச்சில் வைத்ததைச் சாப்பிடுகிறேன், கிணற்றடியில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு வீட்டார் நம்பினார்கள், ஒருத்தி மோர் வாங்கிக் குடித்தாள். மற்றவர்கள், கிழவிக்கு இனி என்ன போகுது, தாளு எழுதினவன் வந்து சாப்பிடட்டும், பார்க்கலாம் என்கிறார்கள்.

அதனால்தான் கந்தவேலு, நாகப்பட்டினத்தில் இறங்கியதும் எடப்பாடிக்குப் போகவேண்டாம், உன் மாமன் வந்து நின்றாலும் அவனோடு போகவேண்டாம், நேரே இங்கே வா. பொழுது இருக்கும்போது வா, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது வந்து, இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து நல்லம்மாள் கையால் தண்ணீர் வாங்கிக் குடி. நான் அன்று எழுதிய கடுதாசியை வைத்திருந்தால் கிழித்துப் போடாமல் எடுத்து வா, உன் தாளை வாசித்த இடத்திலேயே நின்று அதை நான் வாசித்து, இது பொய் என்று என் வாயால் சொல்லவேணும். அம்மிணிக்கு உன்னைத் தெரியாது. நீயும் அதுக்கு யாரோ ஒரு ஆள்தான், முந்தாநாள் விறகுக்காரன் வந்தான், அவனுக்கும் போய் நீட்டிக்கொண்டு நின்றது. உனக்கும் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டும். நீ அந்தக் கையைப் பிடித்துக்கொள் சாமி, கண்ணைத் திறக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இரு.

உன் இடுப்பில் படை வந்து பரவுகிறது, என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அங்கே டாக்டர் இருந்தால் காட்டு, ஈரத் துணியோடு நிற்காதே, அடுத்தவர் வேட்டி துண்டைக் கட்டாதே. இந்தக் கடுதாசியை ஒட்டுமுன் நல்லம்மாளை உட்கார வைத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் இனி அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி ஒரு எழுத்து நான் எழுதுவதில்லை. எல்லாம் கேட்டாள். கடைசியில் ஒரு வரி மட்டும் அடிக்கச் சொன்னாள், இதோ மேலே மையால் அடித்திருக்கிறேனே அது. அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை, நீ தைரியமாய் வரலாம் என்று நானாக எழுதியிருந்தேன். அப்படி எழுதாதீங்க அத்தை, கோவம் இருக்குதுன்னு எழுதுங்க, வந்தா சோறு போடுவேன்னும் எழுதுங்க என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நீ நீண்ட ஆயுசோடும் நல்ல புத்தியோடும் இருக்க உன் பெற்றவள் கும்பிட்டுக் கேட்கிறாள். கப்பல் ஏறும் நாள் தெரிந்ததும் ஒரு கார்டு போடு, எடப்பாடி விலாசத்துக்குப் போடாதே, ராசிபுரம் வீரபாகு வீடு என்று போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னாயி